சரவணனுக்கு, லாடம் பற்றி

பல்லாவரம்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள சரவணனுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். போனில் உன் குரல் இறங்கியிருந்தது. ஆஸ்திரேலியப் பட்டறையில் பழகி வாங்கிய சான்றிதழ் இங்கிலாந்தில் அப்படியே செல்லாது, மறுபடி தேர்வுக்கு உட்காரச் சொல்கிறார்கள் என்றாய். "இத்தனை குதிரைக்கு லாடம் கட்டின கையை நம்ப மாட்டாங்களா?" என்று கேட்டாய். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை.

இன்று சந்தையில் பழைய இரும்புக் குவியலில் ஒரு மாட்டு லாடம் கிடைத்தது. தேய்ந்துபோனது. உன் தாத்தா ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரம் உட்கார்ந்து கட்டியதும் இதே மாதிரிதான். பம்மல், நாகல்கேணி தோல் ஷாப்புகளுக்குச் சுமை இழுத்த மாடுகள் அவரிடம்தான் வரும். பிளந்த குளம்பு என்பதால் காலுக்கு இரண்டு, ஆக எட்டு லாடம். கயிறு போட்டுச் சாய்த்து, காலைக் கட்டி, நான் தலையை அழுத்திப் பிடித்துக்கொள்வேன்.

ஒருமுறை ஆணி உள்ளே இறங்கிவிட்டது. உனக்குத் தெரியாததா? குளம்பின் வெளிச்சுவருக்கு நம் நகம் மாதிரி வலி கிடையாது. வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் உயிர்ச்சதை. நாலாம் நாள் அந்த மாடு காலை ஊன்றவில்லை, உள்ளே சீழ். தாத்தா ஆணியைப் பிடுங்கி, சீழை வடித்து, வண்டிக்காரரிடம் கைகூப்பி நின்றார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. "வாயில்லா ஜீவன் என்னைத் திட்டவும் முடியாதேடா" என்றார்.

மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் லாடம் கட்டுபவருக்கு உரிமம் வேண்டும் என்று 1965லேயே நம் நாட்டில் விதி வந்துவிட்டது. தாத்தாவிடம் அதைக் கேட்டு ஒருவரும் வந்ததில்லை. யாராவது வந்து அவர் கையைச் சோதித்து, தப்பைக் காட்டியிருந்தால் அந்த மாடு நொண்டியிருக்காது என்று இப்போதும் நினைக்கிறேன். நீ இருக்கும் ஊரில் 1975 சட்டப்படி, பதிவு செய்யாதவன் தன் சொந்தக் குதிரைக்கே லாடம் கட்டக் கூடாது. அது குதிரைக்காகப் போட்ட வேலி. அதன்மேல் கோபப்படாதே.

ஆனால் உன் ஆதங்கத்திலும் நியாயம் இருக்கிறது. சான்றிதழ் எந்த நாட்டுது என்று பார்த்துவிட்டு, கையைப் பார்க்காமலே ஒதுக்கினால் அதனால் குதிரைக்கு என்ன லாபம்? குளம்பு யாருக்காகவும் காத்திருக்காது, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவி லாடம் மாற்றியாக வேண்டும். தேர்ந்த ஆளை மாதக்கணக்கில் சும்மா உட்கார வைத்தால், எங்கோ ஒரு குதிரை நீண்ட குளம்போடு நடக்கும். அதனால் உலையும் சுத்தியலும் குதிரையும் வைத்துச் சோதிக்கட்டும், சீக்கிரமாகச் சோதிக்கட்டும் என்று கேள். பணிவாகக் கேள், விடாமல் கேள்.

உன் அம்மா அங்கே வரும்போது இந்த லாடத்தைக் கொடுத்தனுப்புகிறேன். தேர்வுத் தேதி தெரிந்ததும் எழுது.

அன்புடன்,
சித்தப்பா