அம்மா மண்டபம் ரோடும் ரேஸ் பிரேக் பேடும்

அப்பாவோட பழைய ஸ்விஃப்ட்டுக்கு ரேஸ் பேட் போட்டது நான்தான். பந்தா! மறுநாள் விடியக்காலை அம்மா மண்டபம் ரோட்டுல, காவிரியில குளிச்சிட்டு ஈரப்புடவையோட ஒரு பாட்டி குறுக்கே வந்தாங்க. மிதிச்சேன். வண்டி கேட்டாத்தானே? பாட்டிக்கு ஒரு முழம் முன்னால போய்த்தான் நின்னுச்சு. அவங்க திட்டினதை இங்கே எழுத முடியாது.

மெக்கானிக் அண்ணன் அப்புறம் சொன்னார்: ரேஸ் பேட் நல்லா சூடேறினாத்தான் கடிக்கும். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இருந்து ஊர்ந்து வர்ற வண்டியில எங்கே சூடேற? பல பேடுகளோட விளிம்புல ரெண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதல் எழுத்து சாதாரண சூட்டுல பிடிப்பு, அடுத்தது கொதிக்கும்போது. எஃப் என்றால் உராய்வு எண் 0.35 முதல் 0.45 வரை. 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிற கொல்லிமலைக்குன்னா ரெண்டாவது எழுத்தைப் பார்க்கணும். நமக்கு ஸ்ரீரங்கம்தான்!

எஃப்எஃப் மாத்தியாச்சு. ரேஸ் பேட் கட்டிலுக்கு அடியில. அப்பாகிட்ட இன்னும் சொல்லலை.