கேட்காமலே எழுதிய ‘இல்லை’

நான் எழுதியது பொய்க்கணக்கு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அரசு மருத்துவமனை ஒன்றில் எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஆலோசகராக இருந்தேன். எச்.ஐ.வி. தொற்றுள்ளவர் மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். இருமல் இருக்கிறதா, காய்ச்சல் அடிக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா, இரவில் வியர்த்துக் கொட்டுகிறதா? எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது காசநோய்தான். அதனால் உலக சுகாதார நிறுவனம் 2011-இல் இந்த நான்கையும் பரிந்துரைத்தது.

நான் கேட்கவில்லை. நோயாளியின் கார்டில் நாலு கட்டத்திலும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். கூட்டம் அதிகம் என்பது பாதி உண்மை. ‘ஆம்’ என்று எழுதினால் சளிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், முடிவுக்கு அலைய வேண்டும், இன்னொரு பதிவேட்டை நிரப்ப வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பினேன் என்பது மீதி உண்மை.

மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்டதில் எங்கள் மையத்துக்கு நூறு சதவீதம். கைதட்டினார்கள். கூசாமல் எழுந்து நின்றேன்.

ஒருநாள் மருந்து வாங்கும் வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருந்த ஓர் அம்மாவை டாக்டர் கவனித்தார்.

“எத்தனை நாளாம்மா இருமல்?”

“ரெண்டு மாசமா இருக்கு சார். யாரும் கேக்கலையே.”

அந்த அம்மாவின் கார்டில் அந்த இரண்டு மாதமும் என் கையெழுத்தில் ‘இல்லை’. காசநோய் உறுதியானது. மருந்தில் தேறிவிட்டார். ஆனால் அவரோடு ஒரே அறையில் படுத்த பேரப்பிள்ளைகளை அதற்குப் பிறகுதான் பரிசோதித்தோம்.

இப்படிப்பட்ட வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று அளக்க வழி இல்லாமல் இல்லை. எச்.ஐ.வி. சிகிச்சையின் தரத்தை அளக்க நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் உருவான ஹெச்ஐவிக்வால் (HIVQUAL) முறை 2003-இல் தாய்லாந்துக்குப் போனது. பிறகு உகாண்டா, மொசாம்பிக் என்று பரவியது. சில கார்டுகளை எடுத்து, செய்ய வேண்டியதைச் செய்தார்களா என்று பார்ப்பார்கள். ஆளைத் தண்டிக்க அல்ல, வேலையைத் திருத்த. ஆனால் கார்டே பொய் சொன்னால் எந்த நாட்டு அளவுகோலும் என்ன செய்யும்?

மேற்பார்வைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நூறு சதவீதத்துக்குக் கைதட்டாதீர்கள். மாதம் முழுக்க ஒருவருக்குக்கூட இருமல் இல்லை என்று கணக்கு சொன்னால், வெளியே வரிசையில் நிற்பவர்களிடம் போய், “உங்களிடம் கேட்டார்களா?” என்று விசாரியுங்கள். அப்படி விசாரித்திருந்தால் நான் முதல் மாதமே மாட்டியிருப்பேன்.