மதுராந்தகம் ஏரிக்கரையிலே

மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காணச் செல்லும் குடும்பத்தார் மதுராந்தகத்திற்கும் ஒருபொழுது ஒதுக்கலாம். செங்கற்பட்டிலிருந்து தெற்கே பாலாற்றைக் கடந்து, ஏறக்குறைய 25 கிலோமீட்டர். மல்லையிலே கல்லில் செதுக்கியவை நிலைத்து நின்றன. இங்கே மண்ணால் எழுப்பிய கரையோ மழைக்கு மழை உடைந்தது.

1780-இல் ஹைதர் அலி படையெடுத்தபின் இச்சீமை பாழாயிற்று. ஏரிகள் பேணுவாரற்றுக் கிடந்தன. 1794-இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் என்னும் ஆங்கிலேயர் அவற்றைச் செப்பனிட முனைந்தார். நீரற்ற நிலம் வரி தராது என்ற கணக்கும் கம்பெனிக்கு இருந்திருக்கும்! மதுராந்தகக் கரை மட்டும் அவருக்கு அடங்கவில்லை. வெள்ளம் கலங்கலை மீறிக் கரைமேல் ஏறிவிட்டால் மண் அரிபடும். சிறு உடைப்பும் ஓரிரவில் பெருவாயாகும். அடைத்தார்கள், உடைந்தது, மறுபடியும் அடைத்தார்கள். மண்வெட்டியும் கூடையுமன்றி வேறு கருவி ஏது அக்காலத்தில்?

1798-இல் நிகழ்ந்ததாக ஊரார் ஒன்று கூறுவர். கரை நிலைத்தால் தாயார் சன்னிதி கட்டித் தருவதாகத் துரை வாக்களித்தாராம். அடைமழை இரவில் கரைக்குச் சென்றவர், வில்லேந்திய இருவர் காவல் நிற்பதைக் கண்டாராம். கரை நின்றது; கோயிலுக்கு 'ஏரி காத்த ராமர்' என்ற பெயரும் நிலைத்தது. வேற்றுச் சமயத்தவரான அவருடைய பெயரைத் தாயார் சன்னிதிக் கல்வெட்டில் இன்றும் படிக்கலாம். கூடை சுமந்தவர்களின் பெயர்கள் அங்கே இல்லை.

ஏரி நிறைந்து வழியும் நீர் கிளியாற்றில் இறங்கி, பாலாற்றோடு கூடி, மல்லைக்குத் தெற்கே கடலை அடைகிறது.