சந்தோஷத்துக்கும் வரியா?

மகளின் திருமண வரவேற்பு முடிந்த மறுவாரம் ஸ்காபரோவிலிருந்து தங்கையின் கணவர் அழைத்தார். மண்டபத்தார் உணவுக்கு 10,000 டொலரும் சேவைக் கட்டணமாக 15 வீதமும் போட்டு, இரண்டுக்குமாகச் சேர்த்து 13 வீத விற்பனை வரி அறவிட்டிருந்தனர். "பரிமாறியவைக்குக் குடுக்கிற சந்தோஷத்துக்கும் வரியோ, அத்தான்?" என்றார்.

நீண்டகாலம் பத்திரிகையில் எழுதிய துணிச்சலில், "இல்லை, போய்க் கேளும்" என்றேன். போனவர் தலைகுனிந்து திரும்பினார். பிழை என்னுடையது.

பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். ஒன்ராறியோவில் 2010 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள ஒருங்கிணைந்த விற்பனை வரியில் மத்திய அரசின் பங்கு 5 வீதம், மாகாணத்தினது 8 வீதம். பற்றுச்சீட்டில் கட்டாயமாகச் சேர்க்கப்படும் சேவைக் கட்டணம் விலையின் ஒரு பகுதியே. தாமாக விரும்பிக் கொடுப்பதற்கு மட்டுமே வரியில்லை. ஆகவே அந்த 1,500 டொலருக்கு 195 டொலர் வரி சரியானதே.

நியூயோர்க் மாநிலத்தில் வேறு விதம். கட்டாயக் கட்டணமாயினும், ஊழியருக்கான அன்பளிப்பு என்று பற்றுச்சீட்டில் தனியாகக் குறித்து, முழுவதையும் ஊழியருக்கே கொடுத்தால் விற்பனை வரி இல்லை.

இதை வாசித்தபோதுதான் உறைத்தது. 195 டொலருக்காக வாதாடிய நாங்கள், அந்த 1,500 டொலர் பரிமாறிய பிள்ளைகளின் கைக்குப் போனதா என்று கேட்கவேயில்லை. ஊழியருக்குரிய சந்தோஷக் காசை முதலாளி பிடித்து வைப்பதை ஒன்ராறியோச் சட்டம் 2016 ஜூன் 10 முதல் பொதுவாகத் தடுக்கிறது.

மைத்துனரிடம் மன்னிப்புக் கேட்டேன். மண்டபம் பேசப் போகிறவர்கள் கையெழுத்திடுமுன் மூன்றையும் கேளுங்கள்: கட்டாயமா, வரியுண்டா, யாருக்குப் போகிறது?