போன கரண்ட் திரும்ப வேண்டாமா?

உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியின் பிளக்கில் மூன்று கால்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றில் தடித்த காலுக்கு 'எர்த்' என்று பெயர். அதிலிருந்து கிளம்பும் கம்பி கடைசியில் மண்ணுக்குள் போய்ப் புதைகிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் மோட்டார் காருக்கும் 'எர்த்' உண்டு என்கிறார்களே! நாலு ரப்பர் டயர்களின் மேல் நிற்கிற வண்டிக்கு மண் ஏது, எர்த் ஏது?

இந்தக் கேள்வியைக் கேட்டவள் என் அத்தை. மயிலாப்பூர்வாசி, வயது 76. மாமா விட்டுச் சென்ற 1958ஆம் வருஷத்து மாரிஸ் மைனர் கார் ஒன்று அவளிடம் இருக்கிறது. காய்கறி வாங்கவும் கோயிலுக்குப் போகவும் அதைத் தானே ஓட்டிச் செல்வாள். அலெக் இஸிகோனிஸ் என்ற நிபுணர் வகுத்த வண்டி அது. 1948ல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமாகி, பிரிட்டனில் முதன் முதலாகப் பத்து லட்சத்தைத் தொட்ட கார் என்ற பெருமையும் பெற்றது. அத்தைக்கு அந்தப் பெருமையெல்லாம் பொருட்டில்லை. "உங்க மாமா பக்கத்து ஸீட்டிலே உட்கார்ந்து எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்த வண்டிடீ" என்பாள். அவ்வளவுதான்.

போன வருஷம் வண்டிக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்தார்கள். அடியில் துருப் பிடிக்காமலிருக்கக் கறுப்புப் பூச்சும் பூசினார்கள். பார்க்க மணப்பெண் மாதிரி இருந்தது. பிடித்தது சனியன் அன்றைக்குத்தான். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகும், எஞ்சின் கிளம்பாது. ஹெட்லைட் மாடவிளக்குப் போல எரியும். அந்தக் காலத்து மைனரில் திரும்புவதற்கு அடையாளம் காட்ட, கதவோரத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். அது, விடை அரைகுறையாய்த் தெரிந்த வகுப்புப் பையனைப் போலப் பாதி மட்டும் தூக்கி நின்றுவிடும்!

நகரத்தின் ஒர்க் ஷாப் ஒன்றுக்கு வண்டி போயிற்று. பெயர் எதற்கு? முதலில் பாட்டரியை மாற்றினார்கள். பிறகு டைனமோ. அப்புறம் ஸ்டார்ட்டர் மோட்டார். பில் நீண்டதே தவிர வண்டி ஓடவில்லை. "ஸ்டார்ட் பண்ணும்போது சோக் இழுக்கிற குமிழ் சுடுகிறது" என்று அத்தை இரண்டு தடவை சொன்னாள். "எஞ்சின் சூடுதான் பாட்டி" என்று சிரித்துவிட்டார்கள். காலையில் குளிர்ந்து கிடக்கிற எஞ்சினுக்கு ஏது சூடு என்று யாரும் யோசிக்கவில்லை. கடைசியில், "ஒயரிங் முழுக்க மாற்ற வேண்டும். அந்தச் செலவுக்கு வண்டியை எடைக்கே போட்டுவிடலாம்" என்று தீர்ப்பாயிற்று. அமெரிக்காவிலிருக்கும் பிள்ளையும் தொலைபேசியில் அதையே சொன்னான். பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து, தட்டிப் பார்த்து, விலையும் சொல்லிவிட்டுப் போனார். அத்தை ஒரு வாரம் தவணை கேட்டாள்.

பிரிட்டனில் பழைய கார் வைத்திருப்பவர்கள் அதன் மின்சாரச் சாமான்களைச் செய்த ஜோஸப் லூகாஸை 'இருளின் இளவரசர்' என்று கேலி செய்வதுண்டு. எனக்கென்னவோ அந்தப் பழியில் பாதி துருவுக்குச் சேர வேண்டியது என்றே தோன்றுகிறது.

காரணத்தைக் கேளுங்கள். பாட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் விளக்கை எரித்துவிட்டு மறுபடி பாட்டரிக்கே திரும்ப வேண்டும். கடைக்குப் போன பையன் வீடு திரும்பினால்தானே சாமான் வந்து சேரும்! போவதற்கு ஒரு கம்பி இருக்கிறது. திரும்புவதற்கோ தனியாக நீண்ட கம்பி கிடையாது. காரின் இரும்பு உடம்பே வழி. அதற்குத்தான் எர்த் என்று பெயர். மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் எஞ்சின் ரப்பர் மெத்தைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியே கரண்ட் போகாதே! அதனால் எஞ்சினுக்கும் உடம்புக்கும் நடுவே செம்புக் கம்பியால் பின்னிய பட்டை ஒன்றைப் போட்டு முடுக்கியிருக்கிறார்கள்.

அந்தப் பட்டையில் கோளாறு என்றால் திரும்ப வழி தேடுகிற கரண்ட், சோக் கம்பியைப் பிடித்துக் கொண்டு ஓடும். ஸ்டார்ட்டருக்கு வேண்டியது நூறு ஆம்பியருக்கும் மேல். அந்த மெல்லிய கம்பி அதைத் தாங்குமா? சுடும், புகையும், சமயத்தில் தீயே பிடிக்கும். அத்தை சொன்ன சூடு அதுதான்.

தவணை முடிய இரண்டு நாள் இருக்கையில், தெருக்கோடியில் ஆட்டோ எலெக்ட்ரிக் வேலை செய்யும் பெரியவரை அழைத்து வந்தோம். அவர் சோக் விஷயத்தைக் கேட்டதுமே நிமிர்ந்து பார்த்தார்.

"இதை முன்னாடியே சொன்னீங்களாம்மா?"

"சொன்னேன். கேட்பார் இல்லை" என்றாள் அத்தை.

வோல்ட் மீட்டரின் ஒரு கம்பியை எஞ்சின் மேலும் மற்றொன்றைப் பாட்டரியின் எர்த் முனையிலும் வைத்து, ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொன்னார். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாதாம். முள் மூன்றைத் தொட்டது. 150 ஆம்பியர் ஓடும் பாதையில் ஓர் ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு தடை இருந்தாலே 3 வோல்ட் தொலைந்துவிடும். 12ல் மிச்சம் ஒன்பதுதான். பிறகு தடித்த கேபிள் ஒன்றை எஞ்சினுக்கும் அதே முனைக்கும் மாட்டினார். எஞ்சின் உடனே பற்றிக் கொண்டது! அத்தை ஒன்றும் பேசவில்லை. ஸ்டியரிங்கைத் தடவிக் கொண்டிருந்தாள்.

அடியில் படுத்துப் பார்த்ததில், கியர் பெட்டி அருகே பட்டையைப் பூச்சின் மேலேயே வைத்து முடுக்கியிருந்தது தெரிந்தது. பெயிண்ட் கரண்டைத் தடுக்கும் சரக்கு. புதுப் பட்டை போட்டு, உப்புக் காகிதத்தால் இரும்பு பளிச்சென்று தெரியத் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸலைன் தடவினார். செலவு, பட்டு ரவிக்கை தைக்கும் கூலிக்குள் அடங்கிவிட்டது. இரும்புக்காரருக்கு அன்று மாலையே சொல்லியனுப்பினோம்.

பின் விளக்குக்கும் இதே வைத்தியம் தேவைப்பட்டது. இடது பக்கத்து விளக்கின் அடியிலும் பெயிண்ட். ஒரே பல்பில் பிரேக்குக்கு ஓர் இழை, இரவுக்கு ஓர் இழை. எர்த் இல்லாவிட்டால் கரண்ட் ஓர் இழையில் நுழைந்து மற்றதன் வழியே வெளியேறி, வலது விளக்கைத் தேடிப் போகும். பட்டப் பகலில் பிரேக்கை மிதித்தால் நம்பர் பலகை விளக்கு மினுக்குகிறதா? பல்பை மாற்றாதீர்கள், எர்த்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் ஒயரிங்கில் கறுப்புக் கம்பிதான் எர்த்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கிழ வண்டி இருந்தால், ஐப்பசி மழைக்கு முன் இந்த முடுக்குகளைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் இன்னும் அவசியம். வேலை தொடங்குமுன் பாட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்ற வேண்டும். 1960களின் நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்களில் எர்த் என்பது பாட்டரியின் 'பிளஸ்' முனை. இன்றைய வண்டிகளில் 'மைனஸ்'. பாட்டரி மாற்ற வரும் பையனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அத்தை பானெட்டின் உட்புறத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்: 'தம்பி, பிளஸ்தான் எர்த். சந்தேகமிருந்தால் வீட்டு மணியை அடி.'