மால்லாக் கையை விரிச்சா...

பொங்கலுக்குக் குண்டடம் போனப்ப அப்புச்சி கேட்டாரு: "ஏஞ்சாமி, அப்படி என்னதான் வேலை பண்றே?"

"மெமரி கேக்கற புரோகிராமுக்கு வேணும்னே இல்லைன்னு சொல்லி, என்ன பண்ணுதுன்னு பாக்கறதுங்க."

"கடன் கேட்டவனுக்கு இல்லேன்னா குணம் தெரியுமே, அதாட்டமா?"

கிட்டத்தட்ட அதேதான் மக்களே!

முதல் மால்லாக்குக்கு இல்லைன்னு சொல்லி ஓட்டணும், அடுத்த தடவை ரெண்டாவதுக்கு, அப்புறம் மூணாவதுக்கு... 41ல எங்க சாயப்பட்டறை கண்ட்ரோலர் போர்டு செத்துப்போச்சு. "மெமரி இல்லை"ன்னு லாக் எழுதவே மெமரி கேட்டிருக்கு, நான் எழுதின கோடு! ஸ்டீம் வால்வு திறந்தது திறந்தபடி. என் மேஜையில அது வெறும் எல்.இ.டி. பட்டறையில பக்கத்துல ஆள் நிப்பாங்க. அன்னிக்கு ராத்திரி தூக்கமில்லை.

செவ்வாய்க்குப் போன ஸ்பிரிட்டே இதுல மாட்டிச்சு. 2004 ஜனவரியில, இறங்கி மூணு வாரத்துக்குள்ள. ஃபிளாஷ்ல கோப்புகள் சேரச்சேர அதோட பட்டியல் ரேமைத் தின்னுடுச்சு. மெமரி கிடைக்காத டாஸ்க் அப்படியே நின்னுச்சு, உடனே ரீபூட். எழுந்ததும் அதே ஃபிளாஷைத் திறக்கும், மறுபடி ரீபூட். ஃபிளாஷைத் தொடாம எழுந்திருன்னு பூமியிலருந்து கட்டளை அனுப்பித்தான் மீட்டாங்க.

நம்ம போர்டுக்கு யாரு கட்டளை அனுப்புவா? செய்திக்கான இடத்தை பூட் ஆகும்போதே ஒதுக்கிட்டேன். இப்ப முதல்ல வால்வு மூடும், அப்புறம்தான் புலம்பல்.

நாளைக்கு 42.