வெந்த தோலும் மூன்று நாள் களிம்பும்

கைக்குழந்தையின் இடுப்புத்துணிக்கு அடியில் வரும் புண்ணுக்கு எங்கள் வீட்டில் தனிப்பெயர் கிடையாது. "தொடையிடுக்கு வெந்துபோச்சு" என்பார் அம்மா. பெங்களூரில் எல்லோரும் டயப்பர் ரேஷ் என்கிறார்கள். மருத்துவ நூல்கள் அதைத் தோலழற்சி வகைகளுள் ஒன்றாக வைக்கின்றன. மூன்றில் அம்மாவின் சொல்லே உண்மையில் நடப்பதற்கு மிக அருகில் நிற்கிறது. வளாகத்தில் கைக்குழந்தையோடு ஆய்வைத் தொடரும் தோழியர் இருவர் கேட்டதால் இதை எழுதத் தொடங்கினேன், நீண்டுவிட்டது. நான் மருத்துவர் அல்லேன். அறிவியல் வரலாறு படிப்பவள். ஆகவே இதில் சிகிச்சையைவிடச் சிகிச்சையின் வரலாறு சற்றுக் கூடுதலாக இருக்கும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள், முனைவர் பட்ட ஆய்வு மாணவியருக்கு ஆய்வுக்காலம் முழுவதற்கும் 240 நாள் வரை மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு தருகின்றன. 240 நாள் என்பது எட்டு மாதம். எட்டாம் மாதம் என்பது குழந்தை தாய்ப்பாலோடு திட உணவையும் உண்டு, மலத்தின் தன்மையே மாறத் தொடங்கியிருக்கும் பருவம். இந்தப் புண் மிகுதியாகக் காணப்படுவது ஒன்பது முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளிடம் என்று நூல்கள் சொல்கின்றன. விடுப்பு முடிவதும் புண்ணின் பருவம் தொடங்குவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில். விதியை எழுதியவர்கள் இதை எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

ஜூலையில் மகளைக் குழந்தைக் காப்பகத்தில் விட்டேன். துணி ஏற்கப்படாது, டயப்பர் கட்டாயம், மாற்றுவது காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை என்பது அங்கே விதி. இரண்டாம் வாரம் காதுவலியும் காய்ச்சலும் வந்தன. மருத்துவர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எழுதித் தந்தார். காய்ச்சல் இறங்கியது. ஆனால் நாளுக்கு ஏழெட்டு முறை நீர்த்த மலம். முதல் நாள் தோல் சிவந்தது. மூன்றாம் நாள் பளபளவென்று ஈரம் கசியும் செந்நிறம், ஆங்காங்கே மேல்தோல் உரிந்து ஊசிமுனை அளவு இரத்தம். சிறுநீர் பட்ட ஒவ்வொரு முறையும் அவள் முதுகை வில்லாக வளைத்து அலறினாள். வெளியே பெங்களூரின் ஆடி மழை. ஊரிலிருந்து அம்மா கொண்டுவந்த பழைய வேட்டித் துணிகள் இரண்டு நாளாகியும் கொடியில் காயவில்லை.

அன்றிரவு ஒன்பதரை மணிக்கு மத்திக்கெரேயில் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என் கன்னடத்தைக் கேட்ட உடனே தமிழுக்கு மாறினார். விவரம் முழுவதும் கேட்கவில்லை. ஒரு டியூபை எடுத்து வைத்தார். "மூணே நாள்ல சரியாயிடும் மேடம். எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க." பெட்டியின் பக்கவாட்டில், எறும்பு எழுத்தில், மூன்று பெயர்கள்: குளோபெட்டசோல் புரொபியோனேட், நியோமைசின், மைக்கோனசோல். நடுப்பெயர் பாக்டீரியாவுக்கு எதிரானது, கடைசிப் பெயர் பூஞ்சைக்கு எதிரானது. முதற்பெயர், தோலில் பூசப்படும் ஸ்டீராய்டுகளில் மிக வலிமையான வகுப்பைச் சேர்ந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துத்தநாக ஆக்சைடு களிம்பு மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை என்பதையும் எழுதவேண்டும். அந்தக் களிம்பைப் பூசியிருந்தால் மூன்று நாளில் சிவப்பு அடங்கியிருக்கும். ஸ்டீராய்டின் வேலையே அழற்சியை அடக்குவது. சிவப்பு போனால் நோய் போனது என்று கண் நம்பிவிடும். நிறுத்தினால் சிவப்பு திரும்பும், மறுபடியும் பூசுவோம். இந்தச் சுழற்சியில்தான் ஆபத்து இருக்கிறது. வலிமையான ஸ்டீராய்டைப் பூசி, மேலே காற்றுப் புகாமல் நெகிழித்தாள் சுற்றினால் அது பல மடங்கு உள்ளே உறிஞ்சப்படும் என்பது தோல் மருத்துவத்தின் பழைய பாடம். பெரியவர்களின் சில பிடிவாதமான தோல் நோய்களுக்கு வேண்டுமென்றே அப்படிச் செய்வதுண்டு. டயப்பர் கட்டிய குழந்தைக்கு அந்தச் சுற்று தானாகவே அமைந்துவிடுகிறது. கூடவே, உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோற்பரப்பு நம்முடையதைவிட மிக அதிகம்.

மறுநாள் காலை அரசு மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் பிரிவில் வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் யாத்கிர் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒரு பெண், மடியில் ஏழு மாத ஆண் குழந்தை. கன்னங்கள் உப்பி, முகம் உருண்டையாக, பார்ப்பவர் கொழுகொழுவென்று மகிழ்ந்து கிள்ளும் குழந்தை. மருத்துவர் மகிழவில்லை. என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டார். அந்தப் பெண் முந்தானை முடிச்சிலிருந்து நசுங்கிய டியூப் ஒன்றை எடுத்தாள். முந்தின இரவு நான் திருப்பிக் கொடுத்த அதே கலவை. இரண்டு மாதமாக, ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் பூசி வந்திருக்கிறாள். அரசு மருத்துவமனையின் ஒரே மேசையைச் சுற்றி மறைவு என்பது இல்லாததால் மீதியும் என் காதில் விழுந்தது: உள்ளே போன ஸ்டீராய்டால் குழந்தையின் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கலாம், இரத்தப் பரிசோதனை வேண்டும், காய்ச்சல் வாந்தி எது வந்தாலும் உடனே ஓடிவர வேண்டும், களிம்பைத் தாங்களாகவே சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது. அந்தப் பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "நல்ல மருந்து என்றுதானே கொடுத்தார்கள்?"

எங்கள் முறை வந்தபோது மருத்துவர் முதலில் தொடை மடிப்புகளை விரித்துப் பார்த்தார். ஈரமும் உராய்வும் மட்டும் காரணமானால் டயப்பர் அழுந்தும் மேடான பகுதிகள் சிவக்கும், மடிப்பின் ஆழம் பெரும்பாலும் தப்பும். இவளுக்கு மடிப்பும் சிவந்திருந்தது. பெரிய சிவப்புத் திட்டுக்கு வெளியே தீவுகளைப் போலச் சிறு சிறு புள்ளிகள். கேண்டிடா என்னும் பூஞ்சை குடியேறியதன் அடையாளம் அது. நுண்ணுயிர்க்கொல்லி குடலின் பாக்டீரியாக்களைக் குறைக்கும்போது பூஞ்சைக்கு இடம் கிடைக்கிறது. வயிற்றுப்போக்கு அதற்கு வழியமைத்துக் கொடுக்கிறது. பிறகு வாயைத் திறந்து வெள்ளைப் படிவு உண்டா என்று பார்த்தார். உதட்டைச் சுற்றியும் விரல்களிலும் புண் உண்டா, முடி உதிர்கிறதா என்றும் கேட்டார். துத்தநாகக் குறைபாட்டிலும் இடுப்பைச் சுற்றி இப்படியே புண் வரும். அதற்கு எந்தப் பூச்சும் உதவாது, துத்தநாகத்தை உள்ளே கொடுக்கவேண்டும்.

எழுதித் தந்தது: நாளுக்கு இருமுறை குளோட்ரிமசோல் மெல்லிய பூச்சு, அது உலர்ந்தபின் மேலே துத்தநாக ஆக்சைடு, ரொட்டியில் வெண்ணெய் தடவுவதைவிடத் தடிமனாக. மலம் கழித்த உடனே வெதுவெதுப்பான நீரை ஊற்றிக் கழுவ வேண்டும், தேய்க்கக் கூடாது. நறுமணம் ஊட்டிய ஈரத்தாள் வேண்டாம். துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒட்டியிருக்கும் வெள்ளைக் களிம்பை ஒவ்வொரு முறையும் சுரண்ட வேண்டியதில்லை, அழுக்கான மேற்படலத்தை மட்டும் நீக்கி அதன்மேலேயே பூசலாம். முடிந்த நேரமெல்லாம் துணியே இல்லாமல் விட வேண்டும். இந்தக் கடைசிக் கட்டளைக்கு அம்மாவின் முகத்தில் வந்த வெற்றிப் புன்னகையை விவரிக்க இயலாது. மூன்று நாளாக அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். முகப்பவுடர் விஷயத்தில் அவர் தோற்றார். டால்க் தூள் குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் போகும், வேண்டாம் என்றார் மருத்துவர்.

இந்த வைத்தியத்தின் தர்க்கம் எனக்கு விளங்கியது பழைய மருத்துவ இதழ்களைத் தேடிய பிறகுதான். 1921இல் கூக் என்ற அமெரிக்க மருத்துவர், மலத்திலுள்ள ஒரு பாக்டீரியா சிறுநீரின் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகிறது, அந்த அம்மோனியாவே தோலைப் பொசுக்குகிறது என்று எழுதினார். ஈரத்துணியின் நெடியை அறிந்த எவரும் நம்பக்கூடிய விளக்கம். அரை நூற்றாண்டுக்கும் மேல் அது நிலைத்தது. 1977இல் லேய்டன், கிளிக்மன் குழுவினர் அளந்து பார்த்தபோது, புண் உள்ள குழந்தைகளுக்கும் இல்லாதவர்களுக்கும் அம்மோனியா அளவில் வேறுபாடு காணவில்லை. (ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள்மீது நடந்த தோல் சோதனைகளுக்காகப் பழிக்கப்படும் அதே கிளிக்மன்தான்.) 1986இல் பெர்க்கும் உடன் ஆய்ந்தவர்களும் முடிச்சை அவிழ்த்தார்கள். அம்மோனியா நேரடியாகச் சுடுவதில்லை. தோலின் இயல்பான அமிலத்தன்மையைக் குலைத்துக் காரத்தன்மையை ஏற்றுகிறது. அந்தக் காரச் சூழலில் மலத்திலுள்ள புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் நொதிகள் வேகம் கொள்கின்றன. ஈரத்தில் ஊறித் தளர்ந்த தோலை அவை உண்மையாகவே செரிக்கத் தொடங்குகின்றன. வெந்துபோச்சு என்ற சொல் சரி என்று தொடக்கத்தில் எழுதியது இதனால். ஆகவே மலமும் சிறுநீரும் சேர்ந்து தோலில் தங்காதபடி பார்ப்பதும், இடையில் ஒரு சுவர் எழுப்புவதுமே வைத்தியம். துத்தநாகக் களிம்பு அந்தச் சுவர்.

கோட்பாடு பிழையாக இருந்த காலத்தில் வைத்தியம் எங்கே போனது? குற்றவாளி துணியிலுள்ள கிருமி என்றால் கிருமியைக் கொல்ல வேண்டும். போரிக் அமிலத் தூளைப் புண்ணின் மேல் தூவினார்கள். உரிந்த தோல் வழியே அது உடலுக்குள் போய்க் குழந்தைகள் இறந்ததை 1950களின் மருத்துவ இதழ்கள் பதிவு செய்கின்றன. ப்யூனஸ் அயர்ஸ் நகரில் சலவை நிறுவனம் ஒன்று குழந்தைத் துணிகளைப் பாதரசச் சேர்மம் ஒன்றால் அலசியது. 1980ஐ ஒட்டி அது வெளிப்பட்டபோது ஆயிரக்கணக்கான குழந்தைகளின் உடலில் பாதரசம் ஏறியிருந்தது. 1972இல் பிரான்சில் விற்ற குழந்தைத் தூள் ஒன்றில் ஹெக்சாகுளோரோபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக 6 சதவீதம் கலந்துவிட்டது. 200க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 36 பேர் இறந்தார்கள். அந்த நஞ்சின் அறிகுறிகளில் தோல் புண்ணும் ஒன்று. எத்தனை பெற்றோர் அந்தப் புண்ணைக் கண்டு இன்னும் கொஞ்சம் தூள் தூவியிருப்பார்கள் என்ற கணக்கு எந்தக் கட்டுரையிலும் இல்லை.

ஆறு நாள் காற்றாட விட்டால் பெரும்பாலும் அடங்கும் ஒரு புண்ணைவிட, அதற்குத் தந்த மருந்துகள் செய்த கேடு பெரிது என்பதே நான் இந்தத் தேடலில் அடைந்த முடிவு. யாத்கிர் பெண்ணின் முடிச்சிலிருந்த டியூப் இந்த வரிசையில் புதியது. சட்டம் இல்லாமல் இல்லை. 2018இல் நடுவண் அரசு, வெளிப்பூச்சு என்ற பெயரில் சீட்டின்றி விற்றுவந்த 14 ஸ்டீராய்டுகளை 'எச்' அட்டவணைக்குள் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் அதற்காகப் பல ஆண்டுகள் போராடியது. ஆனால் இரவு ஒன்பதரைக்கு அலறும் குழந்தையோடு நிற்பவருக்கு எதிரே இருப்பது அட்டவணை அல்ல, கவுண்டர். அரசு மருத்துவமனை வரிசையில் நிற்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியவர் களிம்பைத்தான் வாங்குவார். வேதிப்பெயர்களைப் படிக்கும் பழக்கம் எனக்குப் படிப்பு தந்த வசதி. அதைத் தாய்மையின் அறிவாகப் பாராட்டிப் பின்னூட்டம் இட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மகளின் புண் நான்காம் நாள் உலர்ந்தது, ஒன்பதாம் நாள் தோல் மூடியது. காப்பகம், மருத்துவர் கடிதத்தைப் பார்த்தபின், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற ஒப்புக்கொண்டது. என் மகளுக்கு மட்டும்.

தோழியர் கேட்ட பட்டியல் இது. பெட்டியில் குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன், பெக்லோமெத்தசோன் என்று எது இருந்தாலும் மருத்துவர் சொல்லாமல் டயப்பருக்கு அடியில் பூச வேண்டாம். சில வேளை மருத்துவர்களே மிக மென்மையான ஹைட்ரோகார்ட்டிசோனைச் சில நாளைக்கு எழுதித் தருவதுண்டு, அது வேறு. மூன்று நாள் கவனித்தும் குறையாவிட்டால், கொப்புளமோ சீழோ காய்ச்சலோ இருந்தால், குழந்தையை நேரில் காட்ட வேண்டும். கடையில் எழுத்து கண்ணுக்குத் தெரியாவிட்டால் கன்னடத்தில் கேட்க: "இதரல்லி ஸ்டீராய்ட் இதெயா?" நேரான கேள்விக்குப் பெரும்பாலான கடைக்காரர்கள் நேராகவே பதில் சொல்கிறார்கள்.